லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தமிழும் மலையாளமும் ஒரே தாளில்: எழுத்துரு மாறிப்போவதும் வரி இடைவெளி குலைவதும்

கொழிஞ்சாம்பாறை டீச்சர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பு எடுப்பதோடு, பெற்றோருக்கு அனுப்பும் கடிதங்களையும் சான்றிதழ்களையும் தயாரிக்கும் பொறுப்பும் மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் புழக்கம் என்பதால் எங்கள் அலுவலகக் கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளமும் லிப்ரே ஆபீஸ் 7.3 பதிப்பும் உள்ளன. தமிழ், மலையாளம் இரண்டையும் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில்தான் தட்டுகிறேன். இரு மொழிக்கும் ககரம் ஒரே விசையில் இருப்பதால் கை தடுமாறுவதில்லை.

எங்கள் ஊரின் நிலையைச் சொன்னால்தான் சிக்கல் விளங்கும். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பலருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். சிலருக்கு மலையாளம் மட்டுமே தெரியும். ஒரே வீட்டில் தாய் ஒன்றையும் தந்தை மற்றொன்றையும் வாசிப்பதும் உண்டு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், நடைமுறையில் ஒரே தாளில் இரு மொழியும் இருந்தால்தான் வேலை சுணங்காமல் நடக்கிறது. ஆகவே எங்கள் கடிதங்களில் மேற்பாதி தமிழிலும் கீழ்ப்பாதி மலையாளத்திலும் இருக்கும். மாணவரின் பெயர் இரு எழுத்திலும் வரும். பெயர்கள் கால்க் (லிப்ரே ஆபீஸின் அட்டவணைச் செயலி) கோப்பிலுள்ள பதிவேட்டிலிருந்து மெயில் மெர்ஜ் வழியாக வந்து நிரம்புகின்றன.

முதல் சிக்கல் எழுத்துரு. கடிதம் முழுவதையும் தேர்ந்து நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ்ப் பகுதி நன்றாக அமைகிறது, மலையாளம் மட்டும் நான் தேர்ந்தெடுக்காத ஏதோ ஒரு எழுத்துருவில் வருகிறது. பள்ளிக் கணினியில் ஒரு வடிவம். தலைமையாசிரியையின் மடிக்கணினியில் இன்னொரு வடிவம். மலையாளப் பத்தியை மட்டும் தனியே தேர்ந்து ரச்சனா எழுத்துருவைக் கொடுத்துச் சரிசெய்கிறேன். மறுநாள் அதே கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அந்த வரி பழைய குழப்பத்துக்கே திரும்பிவிடுகிறது.

இரண்டாவது, வரி இடைவெளி. தமிழ் வரியின் நடுவே ஒரு மலையாளச் சொல் வந்தால் அந்த வரி மட்டும் கீழே இறங்கி நிற்கிறது. ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய கடிதம் இதனால் இரண்டு வரிகள் வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போகிறது. சென்ற மாதம் இதைக் கவனிக்காமல் அச்சுக்கு விட்டதில் 146 கடிதங்களுக்கு 292 தாள்கள் போயின. பிள்ளைகளின் நோட்டுக்குக் கூடத் தாள் பார்த்துப் பார்த்துச் செலவிடும் பள்ளியில் அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

மூன்றாவதாக, இரு மொழிச் சொற்களின் அடியிலும் சிவப்பு நெளிகோடு ஓடுவதால் உண்மையான தட்டச்சுப் பிழை எது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. மென்பொருளைப் பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்து பார்த்தேன், அமைப்புகளை முதல் நிலைக்குக் கொண்டுவந்தேன், எழுத்துருக்களை நீக்கி மீண்டும் நிறுவினேன். எதிலும் மாற்றம் இல்லை. இந்த மூன்றும் தனித்தனிக் கோளாறுகளா, அல்லது ஒரே காரணத்திலிருந்து வருகின்றனவா என்று அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

தேவிகுளம் பயிற்றுநர்

டீச்சர், வணக்கம். இடுக்கியின் மலைத்தோட்டப் பகுதிகளில் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் கணினிப் பயிற்சி தருபவன் நான். நீங்கள் சொன்ன மூன்றையும் இங்கே ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மென்பொருளில் எதுவும் பழுதாகவில்லை. ஆகவே அமைப்புகளை அழித்ததாலோ எழுத்துருக்களை மீண்டும் நிறுவியதாலோ எதுவும் மாறியிருக்காது. எழுத்துரு மாறுவதற்கும் நெளிகோட்டுக்கும் காரணம் ஒன்றே. வரி இடைவெளி அதன் விளைவு.

ரைட்டர் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் மூன்று வகைகளில் ஒன்றில் சேர்க்கிறது. ஆங்கில எழுத்துகள் மேற்கத்திய வகை. சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவை ஆசிய வகை. தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி, அரபு, தாய் ஆகிய அனைத்தும் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் எனப்படும் மூன்றாம் வகை. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்துரு, ஓர் அளவு, ஒரு மொழி என்றுதான் பத்திப் பாணியில், அதாவது பத்தியின் வடிவ அமைப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் தொகுப்பில், இடம் இருக்கிறது. ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுதுபவருக்கு இது போதும். அவை வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன. நம்மைப் போல் எல்லையோரத்தில் தமிழையும் மலையாளத்தையும் கலந்து எழுதுபவர்களுக்கு இரண்டும் ஒரே அறையில் வந்து மோதுகின்றன. அந்த அறைக்கு நீங்கள் ஒரு தமிழ் எழுத்துருவைக் கொடுத்தீர்கள். அதில் மலையாள எழுத்துகள் இல்லை. எனவே இயங்குதளம் தன்னிடமுள்ள மலையாள எழுத்துரு ஏதாவது ஒன்றை எடுத்து இட்டு நிரப்புகிறது. எந்த எழுத்துரு எடுக்கப்படும் என்பது அந்தந்தக் கணினியில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. தலைமையாசிரியையின் மடிக்கணினியில் வடிவம் மாறியதற்கு அதுவே காரணம்.

கையால் எழுத்துருவைத் தேர்ந்து கொடுப்பது அந்தத் துண்டுக்கு மட்டும் ஒட்டும் பூச்சு. பக்கத்தில் புதிதாக எழுதும் வரிக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. மலையாளத்துக்கென்று ஓர் எழுத்துப் பாணியை உருவாக்கி, இது மலையாளம் என்று மென்பொருளிடம் சொல்லிவிடுவதுதான் நிலையான வழி. இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள், பிறகு ஆண்டு முழுவதும் உதவும்.

முதலில் டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ் சென்று, மொழி அமைப்புகளில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற கட்டத்தில் குறியிட்டு, அதன் இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள். தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு இது கருவிகள் என்ற பட்டியின் கீழ் இருக்கும். புதிய பதிப்புகளில் பக்கத்தின் பெயர் சற்று மாறியிருக்கலாம். பிறகு பழைய கடிதக் கோப்பின் ஒரு நகலைத் திறந்து, முழுவதையும் தேர்ந்து, கண்ட்ரோல் எம் அழுத்துங்கள். இதுவரை கையால் பூசிய எழுத்துருக்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். தடித்த எழுத்தும் அடிக்கோடும் சேர்ந்தே போகும் என்பதால்தான் நகலில் செய்யச் சொல்கிறேன்.

அடுத்து எஃப்11 அழுத்திப் பாணிகளைத் திறந்து, இயல்பான பத்திப் பாணியில் வலச் சொடுக்கிட்டுத் திருத்தும் சாளரத்துக்குச் செல்லுங்கள். எழுத்துருவுக்கான பக்கத்தில் மேற்கத்திய எழுத்துக்கும் மூன்றாம் வகைக்கும் தனித்தனி இடங்கள் இருக்கும். சில பதிப்புகளில் ஒன்றன் கீழ் ஒன்றாகவும் சிலவற்றில் தாவல்களாகவும் தெரியும். மூன்றாம் வகையில் நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 11, மொழி தமிழ். பிறகு எழுத்துப் பாணிகளின் பக்கத்துக்குப் போய், மலையாளம் என்ற பெயரிலேயே புதிய பாணி ஒன்றை உருவாக்கி, மூன்றாம் வகை இடத்தில் மட்டும் ரச்சனா அல்லது மஞ்சரி எழுத்துருவையும் மொழியாக மலையாளத்தையும் கொடுங்கள். மேற்கத்திய இடத்தைத் தொடவே வேண்டாம். தொட்டால் மலையாளப் பத்திக்குள் வரும் எண்களும் ஆங்கிலச் சொற்களும் வேறு முகத்தோடு நிற்கும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் அளவை வெவ்வேறாகக் கொடுப்பதில் தவறில்லை. ஒரே அளவு எண்ணைக் கொடுத்தாலும் இரு எழுத்துருக்கள் கண்ணுக்கு ஒரே உயரமாகத் தெரிவதில்லை; அச்சிட்ட தாளை வைத்துத்தான் அதை முடிவுசெய்ய வேண்டும்.

இனி ஒவ்வொரு மலையாளச் சொல்லாகத் தேடித் தேர்ந்து பாணி கொடுக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல் எச் அழுத்தித் தேடும் சாளரத்தைத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் என்ற கட்டத்தில் குறியிடுங்கள். தேடும் பெட்டியில் பின்சாய்வுக் கோடு, அதையொட்டிச் சிறிய பி, பிறகு நெளிவு அடைப்புக்குள் மலையாளம் என்பதன் ஆங்கிலப் பெயர், இறுதியில் ஒரு கூட்டல் குறி ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் இட்டு, எல்லாவற்றையும் கண்டறி என்ற பொத்தானை அழுத்துங்கள். ஆவணத்திலுள்ள மலையாளச் சொற்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தேர்ந்து நிற்கும். சாளரத்தை மூடிவிட்டு, பாணிகளில் மலையாளம் என்பதை இருமுறை சொடுக்கினால் போதும். நான் பயிற்சி தரும் இடங்களில் இந்த ஒரு படியைக் காட்டும்போதுதான் எல்லோரும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

நெளிகோடும் இதோடு அடங்கத் தொடங்கும். இதுவரை மலையாளச் சொற்களையும் தமிழ் என்று நினைத்தோ, இரண்டையும் வேறேதோ மொழி என்று நினைத்தோ மென்பொருள் சரிபார்த்துக்கொண்டிருந்தது. அந்தந்த மொழியின் அகராதி கணினியில் இல்லையென்றால், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்ற தெரிவை அந்தப் பாணியின் மொழிப் பெட்டியிலேயே கொடுக்கலாம்.

வரி இடைவெளிக்கு வேறு மருந்து. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கு மேலும் கீழும் எவ்வளவு இடம் வேண்டும் என்று தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. மலையாள எழுத்துருக்கள் கூட்டெழுத்துகளுக்காகக் கூடுதல் இடம் கேட்கும். உடல் உரைக்கான (தலைப்பு அல்லாத பத்திகளுக்கான) பத்திப் பாணியைத் திருத்தி, வரி இடைவெளியை ஃபிக்ஸ்டு என்று வைத்து, 20 பாயிண்ட் கொடுங்கள். அந்தப் பெட்டி சென்டிமீட்டரில் இருந்தாலும் கவலையில்லை. 20 என்று எண்ணை இட்டு, பாயிண்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். அட் லீஸ்ட் என்ற தெரிவை எடுக்காதீர்கள். அதில் வரி மீண்டும் விரியும். தலைப்புகளும் இயல்புப் பாணியிலிருந்து பிறப்பவை என்பதால் இந்த இடைவெளியை இயல்புப் பாணியில் வைக்காமல் உடல் உரைப் பாணியில் மட்டும் வையுங்கள்.

எல்லாம் சரியானதும் கடிதத்தின் உரையை நீக்கிவிட்டு, ஃபைல் பட்டியில் டெம்ப்ளேட்ஸ் வழியாக வார்ப்புருவாகச் சேமித்து, அதையே இயல்பு வார்ப்புருவாகக் குறித்துவிடுங்கள்.

வாளையார் அச்சகம்

டீச்சருக்கு வணக்கம். பயிற்றுநர் ஐயா சொன்னது அனைத்தும் சரி. அச்சுக்கு வரும் கோப்புகளைத் தினமும் திறப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களிடம் வரும் இருமொழிக் கோப்புகளில் பெரும்பாலானவை அனுப்பியவரின் கணினியில் ஒழுங்காக இருந்தவைதான். எங்கள் கணினியில் ரச்சனாவோ மஞ்சரியோ இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். வரி மடங்கும் இடம் மாறும், பக்கமும் மாறும்.

ஆகவே வெளியே அச்சிடக் கொடுப்பதை எப்போதும் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். அதில் எழுத்துரு உள்ளேயே அடங்கிவிடுகிறது. அச்சகத்தில் ஒரு தேதியையோ பெயரையோ திருத்த நேரும் என்று தோன்றினால், பிடிஎஃப் ஏற்றுமதிச் சாளரத்தில் ஹைப்ரிட் பிடிஎஃப் என்ற கட்டத்தில் குறியிடுங்கள். மூல ஆவணமும் அந்த பிடிஎஃப்புக்குள் சேர்ந்து பயணிக்கும். லிப்ரே ஆபீஸ் உள்ளவர் அதைத் திறந்து மூலத்தையே திருத்தலாம், இல்லாதவருக்கு அது சாதாரண பிடிஎஃப் போலத் திறக்கும். மூல ஆவணத்தையே தலைமையாசிரியைக்கு அனுப்புவதாக இருந்தால், ஃபைல் பட்டியில் ப்ராபர்டீஸ் சென்று, ஃபான்ட் தாவலில் எழுத்துருக்களை ஆவணத்தில் பொதி என்ற கட்டத்தில் குறியிடுங்கள். கோப்பின் பருமன் கூடும், ஆனால் மலையாளத்தின் வடிவம் அந்த மடிக்கணினியிலும் மாறாது. இந்தப் பொதிவை லிப்ரே ஆபீஸுக்குள் மட்டும் நம்புங்கள். வேறு மென்பொருளில் திறப்பவர்களுக்கு பிடிஎஃப்தான் ஏற்றது.

பதிப்பையும் பாருங்கள். 2017 இல் வந்த 5.3 பதிப்பிலிருந்துதான் லிப்ரே ஆபீஸ் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்தமைப்புப் பொறியைப் பயன்படுத்துகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் விண்டோஸில் ஒரு பொறியும் லினக்ஸில் வேறொரு பொறியும் எழுத்துகளை அடுக்கின. எழுத்துரு ஒன்றாகவே இருந்தாலும் வரிகள் வேறுபட்டு மடங்கக்கூடும். உங்களுடைய 7.3 இல் அந்தக் கவலை இல்லை. கோப்பைப் பெறுபவரிடம் பழைய பதிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை பள்ளி முடிந்தபின் அமர்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். எழுத்துரு இரு கணினியிலும் ஒன்றாகவே தெரிகிறது, வரிகள் சீராக நிற்கின்றன, கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. நெளிகோடு குறைந்தபின் தமிழ்ப் பகுதியில் இதுவரை என் கண்ணில் படாத இரண்டு தட்டச்சுப் பிழைகள் தென்பட்டன.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. கடிதத்தின் பின்பக்கத்தில், சுற்றுலாவுக்கு வரும் மாணவர்களின் மலையாளப் பெயர்ப் பட்டியலைப் பழைய கோப்பிலிருந்து ஒட்டியிருக்கிறேன். அதில் கார்த்திகேயன் என்ற பெயரின் ஈற்றெழுத்து, மலையாளத்தில் வர வேண்டிய சில்லெழுத்தாக (உயிர் சேராத மெய்யின் தனி வடிவம்) இல்லாமல், னகரத்தின் மேல் சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி) இட்ட வடிவமாக உடைந்து நிற்கிறது. நடுவிலுள்ள ரகரச் சில்லும் அப்படியே. பாணி கொடுப்பதற்கு முன் இது சரியாகத்தான் இருந்தது. இன்னும் வியப்பு என்னவென்றால், அதே பட்டியலில் நான் இந்த ஆண்டு தட்டிய பெயர்களில் சில்லெழுத்துகள் குலையவில்லை. முன்பு இருந்த ஆசிரியர் தட்டிய பெயர்கள் மட்டுமே குலைகின்றன.

மற்றொன்று, மெயில் மெர்ஜில் வரும் மலையாளப் பெயர்களுக்குப் பாணி ஒட்டவே இல்லை. அவை இன்னும் பழைய முகத்திலேயே வருகின்றன.

தேவிகுளம் பயிற்றுநர்

டீச்சர், நீங்கள் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியதால் காரணம் உடனே பிடிபட்டது. குறை நான் கொடுத்த தேடுசொல்லில்தான் இருக்கிறது. அதை நான் முன்பே முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மலையாளச் சில்லெழுத்துகளுக்கு யூனிகோடில் தனிக் குறியிடங்கள் 2008 இல் வந்த 5.1 பதிப்பில்தான் கிடைத்தன. அதற்கு முன்பு ஒரு சில்லெழுத்தை எழுத மூன்று குறிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது: மெய்யெழுத்து, சந்திரக்கலை, அதன்பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான். பழைய விசைப்பலகை அமைப்புகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே எழுதிவந்தன. முந்தைய ஆசிரியரின் பெயர்ப் பட்டியல் அந்த முறையில் இருக்கிறது, உங்களுடையது புதிய முறையில் இருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த இணைப்பான் எந்த மொழிக்கும் தனியுரிமையான எழுத்து அன்று; அதனால் மலையாளம் மட்டும் என்று தேடியபோது அது தேர்வுக்கு வெளியே விடுபட்டது. னகரமும் சந்திரக்கலையும் மலையாளப் பாணிக்குள் போயின, இணைப்பான் தமிழ் எழுத்துருவிலேயே தங்கியது, நடுவில் பாணியின் எல்லை விழுந்ததால் மூன்றும் சேர்ந்து சில்லாக உருவெடுக்க முடியவில்லை.

உடனடித் தீர்வு, தேடுசொல்லைச் சதுர அடைப்புக்குள் வைத்து அதனுள் இணைப்பான்களையும் சேர்ப்பது. சதுர அடைப்பைத் திறந்து, முன்பு சொன்ன மலையாளக் குறிப்பை இட்டு, அதையொட்டிப் பின்சாய்வுக் கோடு, சிறிய யூ, 200சி. மீண்டும் பின்சாய்வுக் கோடு, சிறிய யூ, 200டி. பிறகு அடைப்பை மூடிக் கூட்டல் குறி. முதலாவது இணைப்பைத் தடுக்கும் குறி, இரண்டாவது இணைக்கும் குறி. நான் தமிழில் எழுதிய சியையும் டியையும் நீங்கள் ஆங்கில எழுத்துகளாக இட வேண்டும். இப்படித் தேடிப் பாணியை மீண்டும் கொடுத்தால் கார்த்திகேயன் சேர்ந்துவிடுவார்.

நேரம் கிடைக்கும்போது நிலையான தீர்வையும் செய்துவிடுங்கள். ணகரம், னகரம், ரகரம், லகரம், ளகரம் ஆகிய ஐந்து சில்லெழுத்துகளே நடைமுறையில் மிகுதியாக வருகின்றன. பழைய மூன்று குறிக் கோவையைத் தேடும் பெட்டியிலும் புதிய ஒற்றை எழுத்தை மாற்றும் பெட்டியிலும் இட்டு, ஐந்து முறை மாற்றினால் பட்டியல் முழுவதும் ஒரே முறைக்கு வந்துவிடும். இணைப்பானை மட்டும் நீக்கிவிட வேண்டாம். நீக்கினால் சந்திரக்கலை நிரந்தரமாக நின்றுவிடும். இதே வேலையைக் கால்க்கிலுள்ள பதிவேட்டிலும் செய்வது அதைவிட முக்கியம். பழைய முறையில் எழுதிய கார்த்திகேயனும் புதிய முறையில் எழுதிய கார்த்திகேயனும் கணினிக்கு இரு வேறு பெயர்கள். ஒரு பிள்ளையின் பெயரைத் தேடி, கிடைக்கவில்லை என்று விடை வந்து, அதே பிள்ளையை இரண்டாம் முறை பதிவுசெய்த பள்ளியை நான் பார்த்திருக்கிறேன். தமிழிலும் ஸ்ரீ என்ற எழுத்தில் இந்தத் தொல்லை உண்டு; ஸகரத்தில் தொடங்கும் கோவையும் 2005 இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கும் கோவையும் திரையில் ஒரே உருவமாகவே தெரியும். ஸ்ரீதேவி, ஸ்ரீனிவாசன் போன்ற பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள்.

மெயில் மெர்ஜ் பெயர்கள் வேறு. கடிதத்தில் இருப்பது பெயர் அன்று, பெயர் வந்து அமரும் புலம். உள்ளே என்ன எழுத்து வரப்போகிறது என்பது பாணி கொடுக்கும் நேரத்தில் தெரியாது. எனவே மலையாளப் பெயர்ப் புலத்தைச் சுட்டியால் தேர்ந்து, மலையாளப் பாணியை அதற்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். வந்து நிரம்பும் 146 பெயர்களும் அந்தப் பாணியையே ஏற்கும். இதற்குப் பதிவேட்டில் தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் தனித்தனி நெடுவரிசைகளில் இருக்க வேண்டும்.

நகரி நெசவாளர் சங்கம்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆந்திரத்தின் நகரியில் ஒரு விசைத்தறி நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது. டீச்சரின் சித்தூரில் மலையாளம் செய்யும் அதே வேலையை எங்கள் சித்தூரில் தெலுங்கு செய்கிறது. உறுப்பினர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கை தமிழிலும் அலுவலகங்களுக்குப் போகும் படிவம் தெலுங்கிலும் எழுதப்படுகின்றன. பல நேரங்களில் இரண்டும் ஒரே தாளில் வரும். மேலே சொன்னதை அப்படியே செய்து பார்த்தேன்; தேடுசொல்லில் மலையாளத்துக்குப் பதில் தெலுங்கின் ஆங்கிலப் பெயரை இட்டால் தெலுங்குச் சொற்கள் அனைத்தும் தேர்ந்து வருகின்றன. பாணிக்கு மண்டலி என்ற எழுத்துருவைக் கொடுத்திருக்கிறேன்.

தெலுங்கு எழுதுபவர்கள் வரி இடைவெளியில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். தெலுங்கின் ஒத்தெழுத்துகள் எழுத்தின் அடியில் தொங்குபவை. 20 பாயிண்ட் என்று நிலையாக வைத்தபோது திரையில் ஒன்றும் தெரியவில்லை, அச்சிட்டதில் ஒரு வரியின் ஒத்து அடுத்த வரியின் கொம்போடு முட்டிக்கொண்டது. 12 அளவு எழுத்துக்கு 24 வைத்தபின் தெளிவாக வந்தது. ஆகவே ஒத்தெழுத்து மிகுந்த ஒரு பத்தியை முதலில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு எண்ணை முடிவுசெய்யுங்கள்.

பழைய எழுத்துருக் கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீச்சரிடமும் அத்தகையவை இருக்கும் என்று எண்ணுகிறேன். எங்கள் சங்கத்தின் விதிமுறைகள் முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. மேலே சொன்ன மூன்று வகைகளைப் படித்தபிறகுதான் அந்தக் கோப்பின் நடத்தை எனக்கு விளங்கியது. பாமினியில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே ரைட்டர் அவற்றை மேற்கத்திய அறையில்தான் வைக்கிறது. அந்தக் கோப்பில் கண்ட்ரோல் எம் அழுத்தினால் போர்வை விலகி முழுவதும் பொருளற்ற ஆங்கிலமாகிவிடும். அத்தகைய கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் பாணி வேலையைத் தொடங்க வேண்டும். தமிழுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர் பயன்படுகிறது. மலையாளத்துக்கு ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் உருவாக்கிய பய்யன்ஸ் என்ற கருவி இருக்கிறது. முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றியில் ஒட்டினால் நடுவிலுள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் சிதைந்துவிடும். அதைத் தவிர்க்க, தேடும் சாளரத்தில் வடிவூட்டல் என்ற பொத்தான் வழியாகப் பாமினி எழுத்துருவைக் குறித்து, அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தேடி எடுத்தேன்.

இன்னொரு வசதியையும் சேர்த்துக்கொண்டேன். டூல்ஸ் பட்டியில் கஸ்டமைஸ் சென்று, விசைப்பலகைத் தாவலில், பாணிகள் என்ற வகையின் கீழ் எழுத்துப் பாணிகளில் தெலுங்கைத் தேர்ந்து, வேறு பணி ஒதுக்கப்படாத ஒரு விசைச் சேர்க்கையை அதற்குக் கொடுத்தேன். இப்போது தெலுங்குக்கு மாறும்போது உள்ளீட்டு மொழியை மாற்றும் விசையையும் பாணி விசையையும் அடுத்தடுத்து அழுத்திவிடுகிறேன், பிறகு தேடித் திருத்தும் வேலை மிச்சமாகிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

பயிற்றுநர் ஐயாவுக்கும் அச்சகத்து நண்பருக்கும் நகரிக் கணக்கருக்கும் எங்கள் பள்ளியின் சார்பில் நன்றி. இணைப்பான்களைச் சேர்த்துத் தேடியதும் சில்லெழுத்துகள் அனைத்தும் சரியாகிவிட்டன. பதிவேட்டில் ஐந்து சில்லெழுத்துகளையும் மாற்றினேன். ஸ்ரீயில் தொடங்கும் நான்கு பெயர்களில் ஒன்று மட்டும் வேறு கோவையில் இருந்தது, அதையும் திருத்தினேன். புலத்துக்குப் பாணி கொடுத்தபின் மெயில் மெர்ஜ் ஒழுங்காக ஓடியது. இன்று காலை 146 கடிதங்கள் 146 தாள்களில் அச்சாகிப் பிள்ளைகளின் கையில் போயின.

எங்களிடமும் பள்ளி உறுதிமொழியும் பழைய சான்றிதழ்களும் பாமினியில்தான் இருக்கின்றன. கண்ட்ரோல் எம் பற்றி நகரியிலிருந்து வந்த எச்சரிக்கை சரியான நேரத்தில் கிடைத்தது, அடுத்ததாக அந்தக் கோப்புகளைத்தான் திறக்க இருந்தேன். முதலில் அவற்றைப் படியெடுத்து வைத்துவிட்டு, சனிக்கிழமை முதல் மாற்றத் தொடங்குகிறேன். வார்ப்புருவை எழுத்துருக்கள் பொதிந்த நிலையில் அருகிலுள்ள இரண்டு தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். ரச்சனாவை அவர்கள் கணினியிலும் நிறுவிக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.